தந்தையின் புனைபெயரில் ஓர் இசைத்தொகுப்பு: ‘அருளர்’ (2005) பெற்ற வரவேற்பும் மலேசியத் தமிழ் ராப் எடுத்த வேறு வழியும்

2005 மார்ச்சில் அமெரிக்காவிலும் அடுத்த மாதம் பிரிட்டனிலும் ‘அருளர்’ என்ற இசைத்தொகுப்பு வெளியானது. பாடியவர் மாதங்கி ‘மாயா’ அருள்பிரகாசம். மேடைப்பெயர் எம்.ஐ.ஏ. வயது அப்போது 29. அது அவருடைய முதல் தொகுப்பு. ஹிப் ஹாப், ஜமைக்காவின் டான்ஸ்ஹால், பிரேசில் குடிசைப் பகுதிகளின் ஃபங்க், லண்டன் கிளப்களின் மின்னிசை எல்லாம் அதில் ஒன்றோடொன்று மோதின. குண்டு, அகதி, வறுமை, போலீஸ் எல்லாம் பாடல்களில் வந்துபோயின. ஆங்கிலப் பத்திரிகைகள் அதைப் பற்றி எழுதிக் குவித்தன. இருபது ஆண்டுகள் கழித்து அவற்றைத் திரட்டிப் படித்தால் பெரும்பாலானவை ஒரே கேள்வியைச் சுற்றி வருவது தெரிகிறது: இவர் இலங்கையின் விடுதலைப் புலிகளின் ஆதரவாளரா, இல்லையா?

அந்தக் கேள்வி தவறான வம்சாவளியிலிருந்து பிறந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். தொகுப்பின் பெயர் எந்த மனிதரைக் குறிக்கிறதோ அவர் சார்ந்திருந்த இயக்கம் வேறு. அந்த இயக்கத்தின் அரசியல் மலேசியத் தோட்டப்புறத் தமிழருக்கு இன்னும் நெருக்கமானது. இதைச் சோதித்துப் பார்க்க, ஓராண்டு கழித்து மலேசியாவில் வெளிவந்த ‘வல்லவன்’ என்ற தமிழ் ராப் தொகுப்பை அருகில் வைத்துப் பார்க்கிறேன்.

அருளர் யார்

மாயாவின் தந்தை, அருள்பிரகாசம் என்ற இயற்பெயர் கொண்ட அருளர், மாஸ்கோவில் பொறியியல் படித்தவர். 1975-இல் லண்டனில் இளையதம்பி இரத்தினசபாபதி முதலானோர் தொடங்கிய ஈரோஸ் அமைப்பின் முன்னோடிகளில் ஒருவர். 1976-இல் லெபனானில் பாலஸ்தீன இயக்கத்தாரிடம் பயிற்சி பெற்றவர். தமிழ் இலக்கிய வாசகருக்கு அவர் இன்னொரு வகையிலும் அறிமுகம்: 1978-இல் வெளிவந்த ‘லங்கா ராணி’ நாவலை எழுதியவர் அவரே. 1977 வன்செயலில் வீடிழந்த தமிழர்களைக் கொழும்பிலிருந்து வடக்கே ஏற்றிச் சென்ற கப்பலின் பெயர் அது. ஈழப் போராட்டத்தின் தொடக்க காலத்தை நாவலில் தேடுவோர் இன்றும் அந்தப் புத்தகத்தில்தான் தொடங்குகிறார்கள்.

ஈரோஸுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் உள்ள வேறுபாட்டைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். அக்காலத் தமிழ் இயக்கங்கள் பலவற்றின் கண்ணில் ஈழம் என்பது வடக்கும் கிழக்கும். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த இந்திய வம்சாவளித் தமிழரை அவை அனுதாபத்தோடு பார்த்தன. ஆனால் கணக்கில் சேர்க்கத் தயங்கின. ஈரோஸ் இதில் மாறுபட்டது. தோட்டத் தொழிலாளரும் ஈழத்து மக்களே, அவர்கள் இல்லாத விடுதலைக்குப் பொருளில்லை என்று வாதிட்டது. 1948-இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி லட்சக்கணக்கில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட அந்த மக்களின் கதை, சஞ்சிக்கூலிகளாகவும் கங்காணிகளின் கீழும் மலாயாவுக்கு வந்தவர்களின் கதைக்கு உடன்பிறப்பு. 1989 தேர்தலில் ஈரோஸ் ஆதரவு பெற்ற சுயேச்சைகள் 13 இடங்களை வென்றனர். 1990-இல் அமைப்பின் ஒரு பகுதியினர் புலிகளோடு சேர்ந்தனர். அருளர் அவ்வழியே போகவில்லை. இயக்க வேலையிலிருந்து விலகி ஆய்விலும் எழுத்திலும் இறங்கினார்.

மேற்கத்திய பத்திரிகைகளில் இந்த வரலாற்றில் ஏறக்குறைய எதுவும் இல்லை. ‘தமிழ்ப்புலித் தளபதியின் மகள்’ என்ற ஒற்றை அடையாளம் ஒரு பத்திரிகையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே போனது. பழியை முழுக்கப் பத்திரிகையாளர் தலையில் கட்டவும் முடியாது. அட்டைப்படத்திலேயே ஸ்டென்சில் புலிகள் இருந்தன. அவற்றோடு டாங்கிகளும் கைக்குண்டுகளும் பளீரென்ற பச்சையிலும் மஞ்சளிலும் இறைந்து கிடந்தன. நுண்ணிய இயக்க வேறுபாடுகளை விளக்கும் பொறுமை ஒரு பாப் இசை அட்டைக்கு இருக்காதுதான்.

ஒரு சின்னப் பெட்டியும் ஒரு பாடமும்

மாயா 1975-இல் லண்டனின் ஹவுன்ஸ்லோவில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக இருக்கையில் குடும்பம் யாழ்ப்பாணம் திரும்பியது. தந்தை தலைமறைவு வாழ்க்கையில் இருந்தார். வீட்டுக்கு வரும்போது பாதுகாப்புக்காகப் பிள்ளைகளிடம் ‘மாமா’ என்றே அறிமுகப்படுத்தப்பட்டதாக மாயா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இடையில் சில காலம் சென்னை. பிறகு எண்பதுகளின் நடுவில் தாய் கலாவும் பிள்ளைகளும் அகதிகளாக லண்டனின் மிட்சம் பகுதி வீட்டுவசதிக் குடியிருப்பில் வந்து சேர்ந்தார்கள். மாயா செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் திரைப்படம் படித்தார். ஸ்டென்சில் ஓவியங்கள் வரைந்தார். ‘எலாஸ்டிகா’ இசைக்குழுவின் இரண்டாம் தொகுப்புக்கு அட்டை செய்தார்.

அந்தக் குழுவோடு சுற்றுப்பயணம் போன இடத்தில், பீச்சஸ் என்ற பாடகி வழியாக ரோலண்ட் எம்சி-505 என்ற கருவி அவருக்குப் பழக்கமானது. மேசைமேல் வைக்கக்கூடிய பெட்டி. தாளம், பேஸ், சின்தசைசர் மூன்றும் அதற்குள்ளேயே இருக்கும். பாடத் தெரிய வேண்டும், வாத்தியம் வாசிக்கத் தெரிய வேண்டும், ஸ்டூடியோவுக்குக் காசு வேண்டும் என்ற மூன்று வாசல்களையும் அது ஒரே அடியாகத் திறந்துவிட்டது. ‘கலாங்’ பாடலின் கரடுமுரடான தாளத்தைக் கேட்டால், ஒருவர் தனியாக ஓர் அறையில் பொத்தான்களை அழுத்திப் பார்த்துக்கொண்டிருப்பது காதில் விழும். 2003-இல் ஷோபிஸ் என்ற சிறு நிறுவனம் அதை 500 பிரதிகள் மட்டும் அடித்தது. அவை கிளப்களில் சுழன்று, இணையத்தில் பரவி, 2004-இல் எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தமாக முடிந்தது. ராஸ் ஆர்ட்டன், ஸ்டீவ் மேக்கி, ரிச்சர்ட் எக்ஸ் முதலியோர் தொகுப்பின் பாடல்களுக்கு இசை அமைத்தனர்.

தொகுப்பு ஒரு பாட்டோடு தொடங்கவில்லை. வகுப்பறைப் பாடத்தோடு தொடங்குகிறது. ஒரு பழத்தின் ஆங்கிலப் பெயரை அசை அசையாகப் பிரித்துச் சொல்லச் சொல்கிறது ஒரு குரல். மொழி தெரியாமல் வந்திறங்கிய பிள்ளையை முன்பெஞ்சில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதுபோல. அரை நிமிடத்துக்குச் சற்று மேல்தான் அது ஓடுகிறது. அதை விளையாட்டுத் துணுக்கென்று பலர் தாண்டிப் போய்விட்டார்கள். என் வாசிப்பில், இந்தத் தொகுப்பின் அரசியல் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. அதன்பின் வரும் பாடல்களின் ஆங்கிலம் பள்ளிக்கூட ஆங்கிலம் இல்லை. கறுப்பின, கரீபியப் பிள்ளைகளோடு குடியிருப்பு வாசல்களில் கற்ற ஆங்கிலம். ஆசிரியர் கொடுத்த மொழியை வாங்கிக்கொண்டு வேறொரு மொழியில் பதில் சொல்கிறாள் அந்தப் பிள்ளை.

பாடல்களின் அரசியல் ஒரே சீராக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ‘10 டாலர்’ உடலை விற்றுப் பிழைக்க நேர்ந்த சிறுமியின் கதை, துல்லியமாக அடிக்கிறது. ‘சன்ஷவர்ஸ்’ பாடலில் சந்தேகத்தின் பேரில் குறிவைக்கப்படும் ஒருவன் வருகிறான், பாலஸ்தீன இயக்கத்தின் பெயரும் வருகிறது. வேறு சில பாடல்களில் ஆயுதச் சொற்கள் தாளத்துக்காகவே வந்ததுபோல் இருக்கிறது. எந்தப் பக்கம், எந்தப் போர் என்று கேட்டால் பதில் இல்லை. இது தொகுப்பின் பலவீனம்தான்.

வரவேற்பு

விற்பனைப் பட்டியலில் ‘அருளர்’ பெரிதாக ஏறவில்லை. பிரிட்டனில் 98-ஆம் இடம், அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 190. விமர்சகர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். அந்த ஆண்டின் சிறந்த தொகுப்புகள் பட்டியல்களில் அது முன்வரிசையில் நின்றது. பிரிட்டனின் மெர்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. பரிசு ஆன்டனி அண்ட் த ஜான்சன்ஸ் குழுவுக்குப் போனது. காலத்தையும் கவனிக்க வேண்டும். லண்டன் சுரங்க ரயில்களிலும் பேருந்திலும் குண்டு வெடித்தது 2005 ஜூலை 7-இல். மெர்குரி இறுதிப் பட்டியல் வெளியானதும் அதே மாதம்தான். குண்டு என்ற சொல்லைப் பாட்டில் கேட்டவர்களின் காது எந்த நிலையில் இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

‘சன்ஷவர்ஸ்’ பாடலின் காணொளியை, பாலஸ்தீன இயக்கத்தின் பெயர் இருந்ததால் எம்டிவி அப்படியே ஒளிபரப்ப மறுத்தது. ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழில் நடந்த விவாதம் இன்னும் சுவையானது. கலைக்கல்லூரியில் படித்தவர் உலகின் சேரிகளிலிருந்தெல்லாம் தாளங்களை எடுத்து ஒட்டுகிறார், இதற்கு வேர் எங்கே என்ற பொருளில் சைமன் ரெனால்ட்ஸ் ஐயம் எழுப்பினார். ராபர்ட் கிறிஸ்ட்காவ் மாயாவின் வாழ்க்கையையும் இலங்கைப் பின்னணியையும் விரித்து எழுதித் தொகுப்புக்காக வாதாடினார். இருவருமே கூர்மையான விமர்சகர்கள்தான். ஆனால் வாதம் முழுவதும் ‘இவருக்கு இதைப் பாட உரிமை உண்டா’ என்பதிலேயே நின்றுவிட்டது. இடம்பெயர்ந்தவருக்கு எந்த ஊர் தாளம் சொந்தம் என்று கேட்பதே வீண் வேலை. யாழ்ப்பாணம், சென்னை, மிட்சம் என்று மூன்று ஊர் மாறிய பிள்ளைக்கு வேர் எங்கே என்றால், மாறிய வழியில்தான்.

இன்னொரு அநீதியும் நடந்தது. அமெரிக்க இசையமைப்பாளர் டிப்லோவோடு சேர்ந்து மாயா 2004 இறுதியில் ஒரு மிக்ஸ்டேப் வெளியிட்டிருந்தார். அதை வைத்து ‘அருளர்’ தொகுப்பையும் டிப்லோவே செதுக்கியதுபோல் பலர் எழுதினார்கள். உண்மையில் அந்தத் தொகுப்பில் ‘பக்கி டன் கன்’ பாடலின் இசை மட்டுமே அவருடையது. 2007-இல் ஒரு பேட்டியில் மாயா இதைக் கோபமாகவே சுட்டிக்காட்டினார். பெண் ஒருத்தி செய்த வேலைக்குப் பின்னால் ஓர் ஆணைத் தேடும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது.

தந்தையின் வரவேற்பு தனிக்கதை. தன் பெயர் இணையத்தில் வந்தால் அப்பா தேடிக்கொண்டு வருவார் என்ற எண்ணமும் பெயர்த் தேர்வுக்குப் பின்னால் இருந்ததாக மாயா சொல்லியிருக்கிறார். அவர் தொடர்புகொண்டார், பெருமைப்படுவதாகவும், ஆனால் பெயரை மாற்றும்படியும் மின்னஞ்சலில் எழுதினார். மகள் மாற்றவில்லை. இரண்டாம் தொகுப்புக்கு (2007) தாயின் பெயர்: ‘கலா’. அமெரிக்க விசா சிக்கலால் 2006-இல் பல நாடுகளில் அலைந்து அதைப் பதிவு செய்தார். அதில் சென்னையில் பதிவான உறுமி மேளம் ஒலிக்கிறது. ‘அருளர்’ உலகத் தாளங்களைத் தேடிப் போனது என்றால், ‘கலா’ பறையும் உறுமியும் இருக்கும் இடத்துக்குத் திரும்பி வந்தது. 2008-இல் ‘பேப்பர் பிளேன்ஸ்’ அமெரிக்காவில் 4-ஆம் இடம்வரை ஏறியது. இலங்கை வம்சாவளி அமெரிக்க ராப்பர் டிலான் அவரைப் புலி ஆதரவாளர் என்று சாடிப் பாட்டும் வெளியிட்டார். மூன்று ஆண்டுகளுக்கு முன் பத்திரிகையாளர் எழுதிவைத்த அடையாளம் இப்போது சிங்களத் தேசியத்தின் ஆயுதமாகவும் ஆகிவிட்டது.

கோலாலம்பூர், 2006

மலேசியத் தமிழ் ராப் மாயாவைப் பார்த்துத் தொடங்கியதல்ல. ‘காதலன்’ (1994) படத்தின் ‘பேட்டை ராப்’ நம் காதுகளைப் பழக்கியிருந்தது என்பது உண்மை. ஆனால் ராப்பைக் குழுவாக, தொழிலாக எடுத்தவர்கள் கோலாலம்பூரின் ‘பொயட்டிக் ஆம்மோ’. யோகி பி அதில் முக்கியமானவர். 1998-இல் வந்த அவர்களின் முதல் தொகுப்பு ஆங்கிலத்தை அடித்தளமாகக் கொண்டு பிற மலேசிய மொழிகளையும் தொட்டது. அதன்பின் யோகி பி, எம்சி ஜெஸ், டாக்டர் பர்ன் மூவரும் ‘யோகி பி & நட்சத்ரா’ என்ற பெயரில் 2006-இல் ‘வல்லவன்’ வெளியிட்டார்கள். முழுத் தொகுப்பும் தமிழில். தமிழ் ஹிப் ஹாப் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் அங்கிருந்துதான் எண்ணத் தொடங்குகிறார்கள். தமிழ்நாட்டின் ‘ஹிப்ஹாப் தமிழா’ முதல் தொகுப்பை வெளியிட்டது 2012-இல்.

‘வல்லவன்’ புகழ்பெற்றது ‘மடை திறந்து’ பாட்டால். ‘நிழல்கள்’ (1980) படத்தில் வாலி எழுதி, இளையராஜா இசையில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடியது மூலப் பாடல். படத்தில் அது வாய்ப்புக் கிடைக்காத ஓர் இளம் இசைக்கலைஞனின் கனவு. மலேசியத் தமிழ் இளைஞர்கள் மூவர், கோடம்பாக்கம் கதவைத் திறக்காத ஊரிலிருந்து, சரியாக அந்தப் பாட்டை எடுத்ததைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இதில் அரசியல் எங்கே? மேலோட்டமாகப் பார்த்தால் இல்லை. கட்சி இல்லை, வழக்கு இல்லை, மறியல் இல்லை. காரணம் எளிது. அன்று 1948-இன் தேச நிந்தனைச் சட்டமும் 1960-இன் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும் நடப்பில் இருந்தன. தமிழ்ப் பாடலுக்கு இருந்த வானொலி, தொலைக்காட்சி வாசல்கள் சில. அவற்றில் அரசு நிலையத்தின் தணிக்கையும் உண்டு. சந்தையோ மக்கள்தொகையில் நூற்றுக்கு ஏழு பேர் கொண்ட ஒரு சமூகம். 2007-இல் நேம்வீ என்ற மலேசியச் சீன ராப்பர் தேசிய கீதத்தைத் தழுவிப் பாடி இணையத்தில் விட்டதற்கு என்ன அமளி நடந்தது என்பது நினைவிருக்கும். லண்டன் பாடகிக்கு வந்தது விமர்சகரின் சந்தேகமும் விசா மறுப்பும். கோலாலம்பூர் பாடகருக்கு வரக்கூடியது கைவிலங்கு.

ஆகவே அரசியல் தன்மானமாக உருமாறியது. எழுபதுகளிலிருந்து ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. லயங்களிலிருந்து வெளியேறியவர்கள் புறம்போக்கு வீடுகளுக்கும் மலிவு அடுக்குமாடிகளுக்கும் வந்தார்கள். 2001 மார்ச்சில் கம்போங் மேடானில் நடந்த கலவரத்தில் 6 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இந்தியர். தமிழ் இளைஞன் என்றாலே குண்டர் கும்பல் என்று செய்தித்தாள் பேசிய காலம். அப்போது ஒருவன் மைக் பிடித்துத் தமிழில், வேகமாக, சொல் சறுக்காமல், நான் திறமைசாலி என்று சொல்வது வெறும் தற்புகழ்ச்சியாகக் கேட்டிருக்காது.

பினாங்கின் பாயான் பாருவிலிருந்து பார்த்தால் இந்த மாற்றம் இன்னும் தெளிவாகத் தெரியும். 1969-இல் அமைந்த பினாங்கு மேம்பாட்டுக் கழகம் 1972-இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வணிக வட்டாரத்தைத் தொடங்கி, அதன் தொழிலாளருக்காக எழுப்பிய புதுநகரம் இது. இன்டெல் போன்ற தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. தோட்டங்களில் ஆள் மிஞ்சியது. 1985-இல் பினாங்குத் தீவை இணைக்கும் பாலம் திறந்தபின் செபராங் பிறையிலிருந்து ஃபேக்டரி பஸ்கள் ஷிப்டுக்கு ஷிப்டு தமிழ்ப் பிள்ளைகளைத் தீவுக்கு ஏற்றி வந்தன. இங்கிருந்து சிறிது தூரத்தில், குளுகோரில் இருந்த கம்போங் புவா பாலா என்ற மாடு வளர்த்த தமிழ்க் கிராமம் 2009-இல் இடிக்கப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன், 2007 நவம்பர் 25-இல், இந்தியர் உரிமை கோரிய ஹிண்ட்ராஃப் பேரணியில் ஆயிரக்கணக்கானோர் கோலாலம்பூர்ச் சாலையில் கண்ணீர்ப்புகையை எதிர்கொண்டார்கள். ‘வல்லவன்’ அந்தக் கூட்டத்தை உண்டாக்கியது என்று யாரும் சொல்ல முடியாது. சொன்னால் அது ஆய்வாகாது. ஆனால் அந்தக் கூட்டத்தில் நின்ற இளைஞர்களின் தலைமுறைதான் அந்தத் தொகுப்பைக் கேட்டது.

ஈழ அரசியலை மலேசியாவில் பாடுவது எவ்வளவு எளிதல்ல என்பதற்குப் பிந்தைய சான்று ஒன்று போதும். 2019 அக்டோபரில், போர் முடிந்து பத்து ஆண்டு கழித்து, புலிகளோடு தொடர்பு என்ற பேரில் சோஸ்மா என்ற பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 12 பேர் கைதானார்கள். அவர்களில் இருவர் சட்டமன்ற உறுப்பினர்கள். 2020 பிப்ரவரியில் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன.

தெருக்குரலுக்கு வந்த வழி

இரண்டு ஓடைகளும் பின்னர் தமிழ்நாட்டில் சந்தித்தன. யோகி பி ‘பொல்லாதவன்’ (2007) வழியே சென்னைக்குப் போனார், பா. இரஞ்சித்தின் ‘காலா’ (2018) படத்தில் நிலவுரிமையைப் பாடும் பாட்டில் அவர் குரல் கேட்டது. கோலாலம்பூரில் வெளிப்படையாகப் பாட இயலாத அரசியலை மும்பைத் தாராவிக் கதையில் பாடினார். அதே 2018 ஜனவரியில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ சென்னையில் அரங்கேறியது. அதில் வளர்ந்த அறிவு, ஆஃப்ரோவோடு சேர்ந்து 2019-இல் ‘தெருக்குரல்’ என்ற முதல் தொகுப்பை வெளியிட்டார். சாதியையும் அரசையும் பெயர் சொல்லிக் கேட்ட தமிழ் ராப் தொகுப்பு என்றால், என் கணிப்பில், அதுதான் முதலில் நிற்கும்.

2021 மார்ச்சில் அறிவும் தீயும் பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’ வந்தது. அதன் ஊற்று அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, ஒப்பந்தத்தின் பேரில் திருப்பியனுப்பப்பட்டவர். அருளரின் இயக்கம் எந்த மக்களையும் சேர்த்தே ஈழம் என்று சொன்னதோ, அந்த மக்களின் பேரன் அந்த வரலாற்றை உலகப் பாட்டாக்கினார். 2005-இல் லண்டன் விமர்சகர்கள் தவறவிட்ட இழை இதுதான். 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ தன் அட்டையில் தீயையும் ஷான் வின்சென்ட் டி பாலையும் போட்டு, அறிவை விட்டுவிட்டது. இரஞ்சித் முதலானோர் கேட்டபின் அறிவுக்குத் தனி அட்டை வந்தது. உழைப்பு ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது என்ற வழக்கு டிப்லோ காலத்திலிருந்து மாறவில்லை.

‘அருளர்’ பெற்ற வரவேற்பைத் தப்பென்று இன்று நாம் வாதிட முடிவதே, அந்த விமர்சனங்கள் தேதியோடும் கையெழுத்தோடும் பத்திரப்படுத்தப்பட்டிருப்பதால்தான். ‘வல்லவன்’ தொகுப்புக்கு அந்தச் செல்வம் இல்லை. 2006-இல் வானொலியில் யார் என்ன பேசினார்கள், பாசார் மாலாம் இரவுச் சந்தையில் குறுந்தட்டு என்ன விலைக்குப் போனது, தோட்டத்துத் திருவிழா மேடைகளில் எந்தப் பாட்டுக்குக் கைதட்டல் விழுந்தது என்பதெல்லாம் ஆட்களின் நினைவில் இருக்கிறது, ஆவணத்தில் இல்லை. பாயான் பாருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் குளுகோரில் அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. முனைவர் பட்ட மாணவர் ஒருவராவது இந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய தமிழ் ராப் ஒலிநாடாக்களையும் குறுந்தட்டு அட்டைகளையும் நிகழ்ச்சித் துண்டறிக்கைகளையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.